விறகுக்கு வளர்த்த மரங்களை அறுவடை செய்தல்: அளவெடுப்பு முதல் மறுதாம்பு வரை

இது மரம் நடுவதற்கான வழிகாட்டி அல்ல. நிலத்தில் தைலமரமோ சூபாபுல்லோ சவுக்கோ வில்லோவோ ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறது, அதை எரிபொருளாக்க வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. மரத்தைச் சாய்ப்பது இதில் ஒரு பங்குதான். முதன்முறை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நட்டமடைகிறார்கள். ரம்பத்தை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேட்பதில்லை. வெட்டி முடித்த பிறகு கட்டையையும் அடிக்கட்டையையும் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது.

1. யாருக்கு, எந்த வடிவில் என்பதை முடிவு செய்யுங்கள்

வீட்டு அடுப்புக்குப் பிளந்த சிறு விறகு வேண்டும். சூளைக்குப் பருத்த கட்டை வேண்டும். தானாக ஊட்டும் கொதிகலனுக்கு ஒரே அளவான மரச்சில்லு வேண்டும். கரி சுடுகிறவர் ஒரே தடிமனான துண்டுகளைக் கேட்பார். தடிமன் மாறினால் மெல்லியது சாம்பலாகும் நேரத்தில் பருத்தது அரைகுறையாக நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணுக்கு வசதியான நீளத்தில் வெட்டிவிட்டு, வாங்குபவர் கேட்ட நீளத்துக்கு மறுபடியும் வெட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாவது வெட்டுக்குக் கூலி உண்டு, கூடுதல் வரவு இல்லை.

விற்பது எடைக்கா, கன அளவுக்கா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். எடைக்கு என்றால் ஈரப்பதத்தைப் பேசாமல் விலை பேசுவதில் பொருளில்லை.

ஈரப்பதத்தைச் சொல்ல இரண்டு கணக்குகள் உண்டு. மொத்த எடையில் நீர் எத்தனை சதவீதம் என்பது ஒன்று. முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் நீர் எத்தனை சதவீதம் என்பது மற்றொன்று. பாதி நீரும் பாதி மரமுமான கட்டை முதல் கணக்கில் 50 சதவீதம், இரண்டாவது கணக்கில் 100 சதவீதம். எரிபொருள் வணிகத்தில் முதல் கணக்கே வழக்கம். ஊசியைக் குத்திப் பார்க்கும் ஈரமானிகளோ பெரும்பாலும் இரண்டாவது கணக்கைக் காட்டுகின்றன. மானியில் 25 என்று வந்தால் மொத்த எடைக் கணக்கில் அது 20. இரு தரப்பும் வெவ்வேறு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்ட பேரம் சண்டையில்தான் முடியும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 10 டன் பச்சை மரத்தில் 50 சதவீதம் ஈரம் என்று கொள்ளுங்கள். மரப்பொருள் 5 டன்தான். அதை 20 சதவீதம் வரை உலர்த்தினால் சுமை 6.25 டன்னாகக் குறையும். முற்றிலும் உலர்ந்த மரம் ஒரு கிலோவுக்குச் சுமார் 18.5 மெகாஜூல் வெப்பம் தரும். 50 சதவீத ஈரத்தில் அது ஏறக்குறைய 8 ஆகவும், 20 சதவீத ஈரத்தில் ஏறக்குறைய 14.3 ஆகவும் இருக்கும். அதாவது பச்சைச் சுமையில் கிடைப்பது சுமார் 80,000 மெகாஜூல். உலர்ந்த சுமையில் சுமார் 89,000. சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தும் பயன்படும் வெப்பம் கூடுகிறது, ஏனென்றால் நீரை ஆவியாக்கும் செலவை அடுப்புக்குப் பதில் வெயிலும் காற்றும் ஏற்றுக்கொண்டுவிட்டன.

ஆகவே பச்சை எடைக்கு விற்பதானால் வெட்டியவுடன் ஏற்றுங்கள். உலர்ந்த விறகுக்குத் தனி விலை கிடைக்குமானால் உலர்த்துங்கள். மாதக்கணக்கில் உலர்த்திவிட்டுப் பச்சை மரத்தின் டன் விலைக்கே கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கும் மிக மோசமான பேரம்.

2. உங்கள் மரம் மறுதாம்பு விடுமா என்று பாருங்கள்

வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தழைக்கும், அதாவது மறுதாம்பு விடும் மரத்துக்கும், தழைக்காத மரத்துக்கும் அறுவடை முறையே வேறு. தைலமரம், சூபாபுல், சீமை அகத்தி (கிளைரிசிடியா), சீமைக் கருவேலம், குளிர்நாடுகளின் வில்லோ, பாப்லர் ஆகியவை நன்றாகத் தழைக்கும். நாட்டுச் சவுக்கை அந்த நம்பிக்கையில் வெட்டக் கூடாது. அதை வெட்டினால் மறுநடவுக்குத் தயாராக இருக்க வேண்டும். பைன் வகைகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான்.

தழைக்கும் மரம் என்றால் அடிக்கட்டைதான் உங்கள் அடுத்த பயிர். அதன் பட்டையை, உயரத்தை, வெட்டும் பருவத்தை எல்லாம் கவனிக்க வேண்டும். தழைக்காத மரம் என்றால் இந்தக் கவலை இல்லை; தரையை ஒட்டி வெட்டி, கட்டையை முழுமையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. தழைக்கும் இனமாக இருந்தாலும், மிக முதிர்ந்து பருத்த மரத்தின் அடிக்கட்டை இளமரத்தைப் போலத் தழைக்காது. தடித்த பட்டையைத் துளைத்துக்கொண்டு உறங்கும் மொட்டுகள் வெளிவருவது கடினம். “இன்னும் இரண்டு வருடம் நிற்கட்டும்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

3. வயதையும் பருவத்தையும் தேர்ந்தெடுங்கள்

வயதுக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மொத்த மரப்பொருளைக் கணித்து வயதால் வகுத்தால் ஆண்டுச் சராசரி வளர்ச்சி வரும். இந்த ஓர் ஆண்டில் மட்டும் கூடியது எவ்வளவு என்பதைத் தனியாகப் பாருங்கள். அந்த ஆண்டின் வளர்ச்சி சராசரிக்குக் கீழே இறங்கும்போது வெட்டும் வயது வந்துவிட்டது.

கற்பனையான எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் மூன்றாம் ஆண்டு முடிவில் 45 டன், நான்காம் ஆண்டில் 68, ஐந்தாம் ஆண்டில் 84 என்று வந்தால், நான்காம் ஆண்டின் சராசரி 17. ஐந்தாம் ஆண்டில் கூடியது 16 டன்தான். இனி நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் சராசரியைக் கீழே இழுக்கும். மரம் இன்னும் பருத்துக்கொண்டே இருப்பதால் கண்ணுக்கு நட்டம் தெரியாது; கணக்கில்தான் தெரியும்.

மிக இளமையில் வெட்டுவதிலும் சிக்கல் இருக்கிறது. மெல்லிய தண்டில் பட்டையின் பங்கு அதிகம். பட்டையற்ற மரத்தின் சாம்பல் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு; பட்டையில் அது பல மடங்கு. சில்லு வாங்கும் கொதிகலன்காரர் சாம்பல் அளவைச் சோதித்தால் இது விலையில் எதிரொலிக்கும். வில்லோவை நெருக்கமாக நட்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இயந்திரத்தால் சில்லாக அறுப்பது வழக்கம். தைலமரம் போன்றவற்றுக்கு நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை விடுவார்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, குளிர்நாடுகளில் தேர்வு எளிது. இலை உதிர்ந்த பின், மொட்டு விரிவதற்கு முன் வெட்ட வேண்டும். அப்போது உணவுச் சேமிப்பு வேரில் இருக்கும், தரையும் கெட்டியாக இருக்கும்.

வெப்பநாடுகளில் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதும். வெட்டிய கட்டைக்கு வெயில் வேண்டும், அடிக்கட்டைக்கு மழை வேண்டும். மழை முடிந்தவுடன் வெட்டினால் கட்டை நன்றாக உலரும். தளிர்களோ தண்ணீரில்லாமல் வாடும். மழைக்குச் சில நாள் முன் வெட்டினால் தளிர் செழிக்கும். விறகு நனைந்து பூஞ்சை பிடிக்கும். என் பரிந்துரை, மழை தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன் வெட்டுவது. பாசன வசதி உள்ளவர்கள் இன்னும் முன்பே வெட்டலாம். கடும் வறட்சியின் நடுவிலும், தண்ணீர் தேங்கிய சேற்று நிலத்திலும் வெட்டாதீர்கள். முதலாவதில் அடிக்கட்டை சாகும். இரண்டாவதில் டிராக்டர் சக்கரம் மண்ணை இறுக்கி வேரை மூச்சடைக்கச் செய்யும்.

4. நிற்கும் மரத்தை அளந்து எடையைக் கணியுங்கள்

கண்ணளவில் “இத்தனை டன் இருக்கும்” என்று வியாபாரி சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒரு நாளைச் செலவிட்டு அளந்துவிடுங்கள்.

வயலின் உட்பகுதியில் சில இடங்களில் சிறு கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் உள்ள ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்து எழுதுங்கள். ஓரத்து மரங்களை மாதிரியாக எடுக்கக் கூடாது. அவற்றுக்கு வெளிச்சமும் இடமும் அதிகம் கிடைப்பதால் உட்புற மரங்களைவிடப் பருத்திருக்கும். வியாபாரியிடம் காட்டுவதற்கு வேண்டுமானால் அவை அழகு.

அளந்த மரங்களைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்றை வெட்டி எடை போடுங்கள். அந்தந்த வகுப்பின் சராசரியை அந்தந்த வகுப்பின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். கட்டங்களின் பரப்புக்கு வந்த அந்த எடையை முழு வயலின் பரப்புக்கு விரித்துக் கணக்கிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே “சராசரி மரத்தை” வெட்டி எடைபோட்டால் தவறு வரும். சுற்றளவு இரட்டித்தால் எடை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்கையும் தாண்டும். சில பெரிய மரங்கள் மொத்த எடையில் பெரும்பங்கைச் சுமந்திருக்கும். சராசரிச் சுற்றளவு அதைக் காட்டாது.

எடை போட்டது பச்சை எடை என்பதை மறக்க வேண்டாம். வெட்டிய மரத்தின் நடுப்பகுதியில் ஒரு மெல்லிய வில்லையை அறுத்து உடனே எடை போட்டு, நெகிழிப் பையில் கட்டி வைத்து, பிறகு 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி மறுபடியும் எடை போடுங்கள். இழந்த எடையை முதல் எடையால் வகுத்தால் உங்கள் மரத்தின் ஈரப்பதம் கையில் கிடைத்துவிடும். வில்லையைப் பையில் கட்டாமல் மாலைவரை வெயிலில் வைத்திருந்து அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

5. வெட்டுக்கு முன் முடிக்க வேண்டிய ஏற்பாடுகள்

சொந்த நிலத்தில் சொந்தக் கையால் நட்ட மரம் என்றாலும், சில இனங்களை வெட்டவோ வண்டியில் கொண்டுபோகவோ பல நாடுகளில் அனுமதி வேண்டும். வெட்டிய பிறகு விசாரித்தால் விறகு வயலிலேயே கிடக்கும். முதலில் கேளுங்கள்.

பின்பு நிலத்தை ஒருமுறை முழுவதும் நடந்து பாருங்கள். மின்கம்பி எங்கே போகிறது, தேன்கூடும் குளவிக்கூடும் எங்கே, எந்த மரம் காய்ந்து நிற்கிறது, எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது. மின்கம்பியின் மேல் விழ வாய்ப்புள்ள மரத்தை மின்துறையினர் வராமல் தொடவே கூடாது.

வண்டி எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும், கட்டையை எங்கே அடுக்குவீர்கள் என்பதை முடிவு செய்து அந்தப் பாதையிலிருந்து வெட்டத் தொடங்குங்கள். வயலின் கடைக்கோடியில் தொடங்கினால் முன்வரிசை மரங்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். வண்டிப் பாதை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நினைத்த இடத்திலெல்லாம் வண்டியை ஓட்டினால் அடிக்கட்டைகள் நசுங்கும்.

10 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைவான தண்டுகளுக்குக் கைரம்பமும் வெட்டுக்கத்தியும் போதும். அதற்கு மேல் சங்கிலி ரம்பம் வேலையைச் சுருக்கும். சங்கிலி ரம்பம் என்றால் தலைக்கவசம், முகத்திரை, காதுறை, வெட்டைத் தடுக்கும் காற்சட்டை, கெட்டியான பூட்ஸ் ஆகியவையும் அதனோடு சேர்ந்தவைதான். செருப்புக் காலோடு ரம்பம் பிடிப்பவரை வேலைக்கு அழைக்காதீர்கள். ஆப்பு, சம்மட்டி, அரம், அழுத்திக் கட்டும் கட்டுத்துணி ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தனியாக வெட்டக் கூடாது.

6. சாய்த்தலும் அடிவெட்டும்

சாய்க்கும் மரத்திலிருந்து மற்றவர்கள் குறைந்தது மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். மரத்தடியில் உள்ள புதரை வெட்டி அகற்றி, மரம் விழும் திசைக்கு எதிரே, பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்த ஒரு தப்பிக்கும் பாதையைத் துப்புரவாக வைத்துக்கொள்ளுங்கள். நேர் பின்னால் ஓடக் கூடாது; அடிமரம் உதைத்தால் அந்தத் திசையில்தான் வரும்.

பருத்த மரத்தில் முதலில் விழும் பக்கத்தில் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டு (ஆப்பு வடிவத் துண்டை எடுக்கும் வெட்டு) போடுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில், வாய் வெட்டின் அடிமட்டத்தைவிடச் சற்று உயரத்தில் பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்க வேண்டும். அந்த நரம்புதான் கதவுக் கீலைப் போல மரத்தைத் திசை மாறாமல் இறக்குகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் எங்கே விழும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. ரம்ப முனையின் மேல்பகுதி எதன்மீதும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்.

மறுதாம்பில் வளர்ந்த தண்டுகள் வெளிப்பக்கம் வளைந்து சாய்ந்திருக்கும். இவற்றில் ஆபத்து வேறு வகையானது. இழுவிசையில் இருக்கும் சாய்ந்த தண்டைப் பின்பக்கம் மட்டும் அறுத்தால், பாதி அறுபட்ட நிலையிலேயே நெடுக்காகப் பிளந்து மேலே எகிறும். வெளிச்சுற்றுத் தண்டுகளை முதலில், சாயும் பக்கத்தில் சிறு வெட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுங்கள். அடர்ந்த வயலில் ஒரு மரம் இன்னொன்றில் மாட்டிக்கொண்டு தொங்குவது வழக்கம். தொங்கும் மரத்தின் கீழே போகவோ, அதைத் தாங்கும் மரத்தை வெட்டவோ கூடாது. அடிப்பகுதியைக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்து இறக்குங்கள். அவசரப்பட்டு அடிபடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

இனி அடிக்கட்டையின் உயரம். தழைக்கும் மரங்களுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். அதைவிடத் தாழ்வாக அறுத்தால் சங்கிலி மண்ணில் பட்டு மழுங்கும், ஈரமும் கரையானும் எளிதில் ஏறும். அதைவிட உயரமாக விட்டால் தளிர்கள் அடிக்கட்டையின் உச்சியில் முளைத்துப் பிடிப்பில்லாமல் நிற்கும். பலத்த காற்றில் அடியோடு பிய்ந்து விழும். ஒவ்வொரு சுழற்சியிலும் சில சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டே போவதால் அடுத்தடுத்த வெட்டுகளும் கடினமாகும். சீமை அகத்தியை ஆடு மாடு எட்டாத உயரத்தில் வெட்டுவது வேறு கணக்கு. அங்கே தழையும் ஒரு விளைச்சல்.

குனிந்தபடி தாழ்வாகச் சாய்க்க முடியவில்லை என்றால் வசதியான உயரத்தில் சாய்த்துவிட்டு, ஓரிரு நாளில் அடிக்கட்டையை மறுபடியும் சீராகத் தாழ்த்தி அறுங்கள். தளிர் விட்ட பிறகு தாழ்த்தினால் வந்த தளிர்கள் எல்லாம் போகும். வேரின் சேமிப்பும் வீணாகும்.

வெட்டுப் பரப்பு வழுவழுப்பாக, மழைநீர் வழியும்படி லேசான சாய்வோடு இருக்கட்டும். முக்கியமானது பட்டை. புதுத் தளிர்கள் பட்டைக்கு அடியில் உள்ள உறங்கும் மொட்டுகளிலிருந்து வருகின்றன. பட்டை மரத்தைவிட்டுப் பிரிந்துவிட்டால் அந்தப் பக்கம் தளிர் வராது. மழுங்கிய கோடாரியால் கொத்திச் சிதைத்த அடிக்கட்டைகளையும், கூர்மையான ரம்பத்தால் அறுத்தவற்றையும் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் வேறுபாட்டுக்கு விளக்கமே தேவைப்படாது.

7. இலையோடு சில வாரம் கிடக்கட்டும்

சாய்த்தவுடன் கிளை கழிக்கத் தொடங்குவதுதான் பலருடைய பழக்கம். உலர்ந்த விறகு விற்பவர்கள் அதைத் தள்ளிப்போடலாம். இலை உள்ள மரத்தைச் சாய்த்து அப்படியே விட்டால், இலைகள் வாடும்வரை தண்டிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வறண்ட வானிலையில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் கட்டையின் ஈரம் குறிப்பிடத்தக்க அளவு இறங்கும். செலவில்லாத உலர்த்தல் இது. சுமை குறைவதால் தூக்குக் கூலியும் குறைகிறது.

இன்னொரு பயனும் உண்டு. இலை வயலிலேயே உதிர்ந்துவிடும். மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்துகளில் பெரும்பங்கு இலை, சுள்ளி, பட்டை ஆகியவற்றில் இருக்கிறது, உள்மரத்தில் குறைவு. இலையையும் மிலாறையும் (மெல்லிய கிளைகளையும்) சேர்த்துக் கட்டி விற்பவர் விறகோடு உரத்தையும் விற்கிறார். சில்லு இயந்திரத்தில் முழு மரத்தையும் போடுகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். பச்சை இலை கலந்த சில்லு எரிபொருளாகவும் மட்டம்.

மழை வரப்போகிறது, தீ அச்சம் இருக்கிறது, அல்லது பட்டை உரித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். தைலமரத்தின் பட்டை வெட்டிய அன்று எளிதாக உரியும். வாடிய பிறகு ஒட்டிக்கொள்ளும்.

8. துண்டாக்குதலும் பிளத்தலும்

ஒரே நீளக் கோலை அளவாக வைத்துக்கொண்டு எல்லாத் துண்டுகளையும் அதே நீளத்தில் அறுங்கள். நீளம் சீராக இருந்தால்தான் அட்டி (அடுக்கிய விறகு) நேராக நிற்கும், கன அளவும் நம்பும்படி இருக்கும்.

கட்டையிலிருந்து நீர் வெட்டு முனைகள் வழியாகவும் பிளந்த பரப்பு வழியாகவும் வெளியேறுகிறது. பட்டை அதைத் தடுக்கிறது. அதனால் 10 சென்டிமீட்டரைவிடத் தடித்த துண்டுகளை ஒரு பக்கமாவது பிளந்துவிடுங்கள். பிளக்காத உருளைக் கட்டை வெளியே காய்ந்தது போலத் தோன்றி உள்ளே பச்சையாகவே இருக்கும். தைலமரத்தைப் போல முறுக்கு நார் உள்ளவற்றைப் பச்சையாக இருக்கும்போதே பிளப்பது நல்லது. காய்ந்தபின் ஆப்பும் கையும் சேர்ந்து நோகும்.

கட்டையை மண்ணில் இழுக்காதீர்கள். பட்டையில் ஒட்டும் மணல் ரம்பத்தையும் சில்லு இயந்திரத்தின் கத்தியையும் மழுக்கும். உலையில் உருகிக் கட்டியாக உறைந்து, விறகைத் தாங்கும் கம்பித் தட்டியை அடைக்கும். வாங்குபவர் அடுத்த முறை உங்களை அழைக்காமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும்.

9. அட்டி போட்டு உலர்த்துங்கள்

அட்டியின் கீழே இரண்டு வரிசைக் கட்டைகளைத் தாங்கலாகப் போட்டுத் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தரையில் நேரடியாகப் போட்ட அட்டியின் அடிவரிசை மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் கரையானுக்குப் போகும். காற்று வீசும் திசைக்குக் கட்டைகளின் முனைகள் காட்டியபடி, ஒற்றை வரிசையாக அடுக்குவது சிறந்தது. இரண்டு அட்டிகளுக்கு நடுவே ஆள் நடக்கும் இடைவெளி வேண்டும்.

மழைக்கு மேலே மட்டும் மூடுங்கள். தார்ப்பாயால் தரைவரை போர்த்தி, “நன்றாக மூடிவிட்டேன்” என்று திருப்தி அடைகிறவர்கள் உள்ளே ஒரு நீராவி அறையைக் கட்டியிருக்கிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் பூஞ்சையாகிறது.

உலர்ந்துவிட்டதா என்பதை நாட்களை எண்ணி முடிவு செய்ய முடியாது. தடிமனும் வானிலையும் இடத்துக்கு இடம் மாறும். அட்டியின் நடுவில் சில கட்டைகளுக்கு அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். எடை குறைவது கிட்டத்தட்ட நின்றுவிட்டால் அந்தக் காற்றில் அதற்கு மேல் உலராது. ஈரமானியை வெளிப்பரப்பில் குத்தாதீர்கள். ஒரு கட்டையை அப்போதே பிளந்து, உட்பரப்பின் நடுவில் குத்திப் பாருங்கள்.

கன அளவுக்கு விற்பவர்களுக்கு ஒரு கணக்கு. அட்டியில் ஒரு கனமீட்டர் என்பது ஒரு கனமீட்டர் மரம் அல்ல. இடைவெளி போக 0.6 முதல் 0.7 கனமீட்டர்தான் மரம். வளைந்த, மெல்லிய கட்டைகளில் இன்னும் குறையும். கனமீட்டருக்கு 500 கிலோ உலர் எடை உள்ள மரமானால், 0.65 என்று வைத்து, ஓர் அட்டிக் கனமீட்டரில் 325 கிலோ உலர்ந்த மரம் இருக்கும்.

மரச்சில்லு வேறு கதை. பச்சைச் சில்லைக் குவித்து வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகிச் சில நாட்களிலேயே உள்ளே வெப்பம் 60 டிகிரி வரை ஏறும். மரப்பொருள் கரையும், பெருங்குவியல் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும், பூஞ்சை வித்துகள் மூச்சுக்குக் கேடு. கட்டையாக உலர்த்தி வைத்து, தேவைப்படும்போது சில்லாக்குவதே என் தேர்வு. பச்சைச் சில்லாகத்தான் விற்க வேண்டும் என்றால் அறுத்தவுடன் அனுப்பிவிடுங்கள். பழைய குவியலைக் கிளறும்போது முகமூடி அணியுங்கள்.

10. ஏற்றி அனுப்புதல்

ஏற்றும் நாளில் மூன்றைக் குறித்து வையுங்கள்: வண்டி எடை, அன்று அளந்த ஈரப்பதம், எந்த அட்டியிலிருந்து எடுத்தது என்பது. எடைமேடையில் வெறும் வண்டியின் எடையையும் நேரில் பாருங்கள். பழைய அட்டி முதலில் போகட்டும். புதிதும் பழையதும் கலந்த சுமையில் ஈரம் சீராக இராது. மழையில் திறந்த வண்டியில் அனுப்பினால், உலர்த்திய உழைப்பில் ஒரு பங்கு வழியிலேயே கரையும்.

11. அடிக்கட்டையைக் கவனியுங்கள்

வெட்டிய கட்டைகளை வயலிலிருந்து எடுத்து முடித்த அன்றே அடிக்கட்டைகளின் மேல் கிடக்கும் மிலாறையும் தழையையும் வரிசைகளுக்கு நடுவே தள்ளுங்கள். மூடிக்கிடக்கும் அடிக்கட்டையில் தளிர் வெளிறிக் கோணலாக வரும். குப்பையைக் குவித்துக் கொளுத்துவது எளிது என்று தோன்றும். தீ பட்ட பட்டையின் மொட்டுகள் வெந்துவிடும், தழைச்சத்தும் புகையோடு போய்விடும்.

சில வாரங்களில் தளிர்கள் கூட்டமாக வரும். அப்போது ஆடு மாடு நுழைந்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். வேலி இல்லாதவர்கள் தளிர்கள் அவற்றின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை காவல் வைக்க வேண்டும்.

எத்தனை தளிர்களை விடுவது என்பது முதல் படியில் எடுத்த முடிவைப் பொறுத்தது. பருத்த விறகு வேண்டுமானால் ஓர் அடிக்கட்டைக்கு இரண்டு அல்லது மூன்று. சில்லுக்கானால் கழிக்கவே வேண்டாம். வில்லோவை யாரும் கழிப்பதில்லை. கழிப்பதை ஒரே தடவையில் செய்யாதீர்கள். தளிர்கள் இடுப்பளவு வந்ததும் பாதியாகக் குறைத்து, ஆளுயரத்தைத் தாண்டி நிலைத்தபின் இறுதி எண்ணிக்கைக்கு வாருங்கள். முதலிலேயே இரண்டை மட்டும் விட்டால், காற்றில் ஒன்று பிய்ந்து போனபின் மாற்று இருக்காது; பெரிய வேர்த்தொகுதியின் நீரும் உணவும் முழுவதும் அந்த இரண்டுக்கே போவதால் அவை மளமளவென்று உயர்ந்து ஒடியும். அடிக்கட்டையின் தாழ்ந்த பகுதியிலிருந்து, காற்று வரும் பக்கத்தில் முளைத்தவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். காற்று அவற்றை அடிக்கட்டையோடு சேர்த்தே அழுத்துமாகையால் பிய்வது குறைவு.

விறகு எரித்த சாம்பல் திரும்பக் கிடைக்குமானால் வயலில் மெல்லியதாகத் தூவலாம். அதில் சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் ஓரளவு மணிச்சத்தும் இருக்கும், தழைச்சத்து இருக்காது. ஏற்கெனவே களர்த்தன்மை உள்ள நிலத்தில் தூவ வேண்டாம்.

செத்த அடிக்கட்டைகளை எண்ணி வையுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் உடனே நல்ல நாற்றை நடுங்கள். ஒரு பருவம் தாமதித்தாலும் அக்கம்பக்கத்து மறுதாம்பு உயர்ந்து நிழல் கட்டிவிடும், நாற்று எழாது. ஒவ்வொரு சுழற்சியிலும் செத்தவை கூடி, நாலில் ஒரு பங்கு இடம் வெறுமையாகி, உயிரோடு இருப்பவையும் மெல்லிய தளிர்களையே தருகின்றன என்றால் இடைநடவில் பணத்தைப் போடாதீர்கள். அடுத்த வெட்டோடு அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்து, அவற்றையும் விறகாக்கி, புதிதாக நடுவதற்கு இப்போதே நாற்றுக்குச் சொல்லி வையுங்கள்.